தாத்தாவின் போர்ப் பதக்கத்துக்கு அரசு அங்கீகாரம் கிடைக்குமா? தென்காசி குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை பக்கம் பட்டாளத்துக்குப் போனவர்கள் இருந்த வீடுகளில், டிரங்குப் பெட்டிக்குள் துணியில் சுற்றிய மெடல்கள் இன்றும் இருக்கும். சிலது இரண்டாம் உலகப் போர் காலத்தவை. சிலது 1965, 1971 போர்களுக்குப் பிறகு கொடுத்தவை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், அதாவது ஐஎன்ஏவில், இருந்தவர்கள் பத்திரப்படுத்தியவையும் உண்டு.

"இதை அரசு ஏற்றுக்கொள்ளுமா? இதை வைத்து பென்ஷன் கேட்கலாமா?" என்று முன்னாள் வீரர்களும் அவர்களின் பிள்ளைகளும் மனு போடுவது நாடு முழுக்க நடக்கிறது. பல மனுக்கள் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. கையில் மெடல் இருக்கும், அதைச் சொல்லும் காகிதம் இருக்காது. அரசு பார்ப்பது அந்தக் காகிதத்தைத்தான்.

மெடலில் எத்தனை வகை?

பொதுவாக இரண்டு வகை.

முதல் வகை, வீரச் செயலுக்கான விருது. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று உருவாக்கப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்று அறிவிக்கப்பட்டன. இந்த விருதுகள் அரசிதழில் வெளியாகும். மாதாந்திர உதவித்தொகையும் உண்டு. 2017 ஆகஸ்டில் உயர்த்தப்பட்டபடி பரம் வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், மகா வீர் சக்ராவுக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000.

இரண்டாவது வகை, போரில் பங்கேற்றதற்கான மெடல். 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971 போருக்கு பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல். இரண்டாம் உலகப் போருக்கு பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார், வார் மெடல் போன்றவை. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட பகுதியில் பணியில் இருந்த எல்லோருக்கும் இவை பொது. இதற்குத் தனியாகப் பணம் கிடையாது.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த இந்திய மெடல்களின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். இரண்டாம் உலகப் போர் ஸ்டார்கள் பெரும்பாலும் பெயர் இல்லாமலே வந்தவை. அதனால் பர்மா ஸ்டாரை மட்டும் காட்டி "இது எங்க தாத்தாவோடது" என்றால் அலுவலகத்தில் எடுபடாது.

அப்போ கொடுக்காத வீர விருதை இப்போ கேட்க முடியுமா?

ரொம்பக் கடினம். வீர விருதுக்கு வீரரே விண்ணப்பிப்பது கிடையாது. அவருடைய படைப்பிரிவின் கமாண்டிங் ஆபீசர் பரிந்துரைக்கணும். அது படிப்படியாக மேலே போய், ராணுவத் தலைமையகத்தையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் விருதுக் குழுவையும் தாண்டி குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போகும். பரிந்துரைக்க வேண்டியவர் போரிலேயே இறந்திருந்தாலோ, கோப்பு வழியில் நின்றுபோயிருந்தாலோ, பல வருடம் கழித்து அதைத் தூசு தட்டி எடுக்கத் தனி அமைப்பு இந்தியாவில் இல்லை.

ஆனாலும், பதிவு தவறாக இருந்தால் அதைத் திருத்தச் சொல்லி தீர்ப்பாயம் போகலாம். கார்கில் போரில் படாலிக் பகுதியில் 70-வது காலாட்படை பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் தேவிந்தர் சிங், போர் அறிக்கையில் தன் பங்கு குறைத்துக் காட்டப்பட்டதாக வழக்குப் போட்டார். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2010 மே மாதம் அவர் வாதத்தை ஏற்று, பதிவைத் திருத்தச் சொன்னது. போர் முடிந்து 11 வருடம் ஆகியிருந்தது. அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவருக்கே இந்த நிலை என்றால், ஒரு சிப்பாய்க்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஐஎன்ஏ மெடல்கள் ஏன் பட்டியலில் இல்லை?

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் நேதாஜி தற்காலிக சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் பெருமளவில் அந்தப் படையில் சேர்ந்தார்கள். அந்த அரசு தன் வீரர்களுக்கு ஷஹீத்-இ-பாரத், சேர்-இ-ஹிந்த், சர்தார்-இ-ஜங், வீர்-இ-ஹிந்த் என்ற பெயர்களில் விருதுகள் வழங்கியது. 1944 ஏப்ரலில் மணிப்பூரின் மொய்ராங்கில் ஐஎன்ஏ கொடியை ஏற்றிய கர்னல் ஷௌகத் மாலிக், சர்தார்-இ-ஜங் பெற்றவர்.

இந்திய அரசின் அதிகாரபூர்வ பதக்க வரிசையில் இந்தப் பெயர்கள் கிடையாது. அதே வரிசையின் கடைசியில் காமன்வெல்த் விருதுகளுக்கு இடம் இருக்கு. ஒரே ஊரிலிருந்து கிளம்பி எதிரெதிர் பக்கம் நின்றவர்களில், பிரிட்டிஷ் படையில் இருந்தவரின் மெடலுக்கு ஒரு வரிசை எண் இருக்கிறது, விடுதலைக்காகப் போனவரின் மெடலுக்கு இல்லை.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1945-46 செங்கோட்டை வழக்கில் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவருக்கும் விதித்த ஆயுள் தண்டனை ரத்தானது. (இது டெல்லி செங்கோட்டை, நம்ம செங்கோட்டை இல்லை.) ஆனால் பணிநீக்கமும் சம்பள பாக்கி பறிப்பும் அப்படியே நின்றன. சுதந்திரத்துக்குப் பிறகும் ஐஎன்ஏ வீரர்கள் பழைய பணிமூப்போடு ராணுவத்தில் திரும்பச் சேர்க்கப்படவில்லை. டெல்லி குடியரசு தின அணிவகுப்பில் ஐஎன்ஏ வீரர்கள் முதன்முதலாகக் கலந்துகொண்டது 2019-ல்தான். வந்த நான்கு பேரும் 90 வயதைத் தாண்டியவர்கள்.

மெடல் கதவு மூடியிருக்கு, பென்ஷன் கதவு?

அது திறந்திருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசு சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் தருகிறது. 1980-ல் இதற்கு ஸ்வதந்திரதா சைனிக் சம்மான் திட்டம் என்று பெயர் வந்தது. ஐஎன்ஏவில் இருந்து குறைந்தது 6 மாதம் சிறையில் இருந்தவர்களுக்கும், அவர்களுக்குப் பின் தகுதியுள்ள வாழ்க்கைத் துணைக்கும் இது பொருந்தும்.

இதிலும் சிக்கல் ஆதாரம்தான். ரங்கூன் சிறையில் இருந்ததற்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு யாரும் கப்பல் ஏறவில்லை. பின்வாங்கும்போது ஐஎன்ஏ ஆவணங்கள் நிறைய அழிந்தும் போயின. இந்த நிலையை உணர்ந்து உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியத் தீர்ப்புகள் கொடுத்தது.

- 1993, முகுந்த் லால் பண்டாரி வழக்கு: தாமதமாக வந்தது என்பதற்காக மட்டும் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது.
- 2001, குர்தியால் சிங் வழக்கு: குற்ற வழக்கைப் போல சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் கேட்கக் கூடாது. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும்.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு வழக்கு வந்தது. ரங்கூன் சிறையில் இருந்த, 80 வயதைத் தாண்டிய ஐஎன்ஏ வீரர் ஒருவர் 1980-ல் விண்ணப்பித்து, சுமார் 37 வருடம் அலைந்தார். 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் தாமதத்தைக் கண்டித்து, அவருக்கு ஓய்வூதியம் தர உத்தரவிட்டது.

தென்காசிக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல்

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல். அதற்கு முந்தைய ஆவணங்களில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்றுதான் இருக்கும். குற்றாலத்துக்காரரின் 1940-களின் ஆவணத்தில் மாநிலம் 'மெட்ராஸ்'. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்கோட்டைக்காரர் ஆவணத்தில் 'திருவிதாங்கூர்' என்று இருக்கலாம். ஏனென்றால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை தமிழகத்தோடு இல்லை.

அதனால் பழைய ஆவணத்தைத் தேடும்போது இன்றைய முகவரியை மட்டும் எழுதினால் 'பதிவு இல்லை' என்று பதில் வர வாய்ப்பிருக்கு. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் பழைய எழுத்துக்கூட்டலிலும் சேர்த்து எழுதணும். திருவிதாங்கூர் சமஸ்தானப் படையில் இருந்தவர் என்றால் அதையும் குறிப்பிடணும். அந்தப் படைப்பிரிவுகள் பின்னாளில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இணைந்தன.

சரி, எங்கே தொடங்குவது?

1. டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள். ராணுவ எண், படைப்பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பெற்ற மெடல்கள் எல்லாம் அதில் இருக்கும். லேமினேட் செய்யாமல் ஸ்கேன் எடுத்து வைப்பது நல்லது.

2. ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். சிப்பாய்களின் பணிப்பதிவு அந்தந்த ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு. சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். வர வேண்டிய மெடல் வராமல் போயிருந்தாலோ தொலைந்திருந்தாலோ கேட்க வேண்டிய இடமும் இதுதான்.

3. 'லாங் ரோல்' என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் பணி ஆவணங்கள் 25 வருடத்துக்குப் பிறகு அழிக்கப்படும். உலகப் போர் முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பலரும் இந்த வகைதான். ஆனால் லாங் ரோல் என்ற நிரந்தரப் பதிவேட்டில் அடிப்படை விவரங்கள் தங்கியிருக்கும். "ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது" என்ற பதிலோடு நின்றுவிட வேண்டாம்.

4. மாவட்ட அளவில் மனு. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கடிதப் போக்குவரத்துக்கு உதவும். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு தரலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வர வேண்டாம். விண்ணப்பித்த தேதி பின்னால் நீதிமன்றத்தில் மிக முக்கியம்.

5. ஐஎன்ஏ என்றால் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடலாம். உடன் சிறையில் இருந்தவர் எப்போதோ எழுதிக் கொடுத்த சான்று வீட்டில் இருந்தால், அது தங்கத்துக்குச் சமம்.

6. தீர்ப்பாயம். பணி தொடர்பான குறைகளுக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. வாரிசுகளும் போகலாம். இறுதி பதில் வந்ததிலிருந்து 6 மாதம் கெடு. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் பழைய போர்களின் கோப்புகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அதன் பலனாக, இரண்டாம் உலகப் போரில் போரிட்ட 22 ஆசிய வம்சாவளி வீரர்களுக்கு 2000 ஜூனில் மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. பலருக்கு அது மரணத்துக்குப் பிந்தைய விருது. ஆர்க்டிக் கடலில் சரக்குக் கப்பல்களோடு போன பிரிட்டிஷ் வீரர்களுக்குத் தனி ஸ்டார் கிடைக்க 2013 வரை ஆனது. ஆஸ்திரேலியாவில் ராணுவ விருது முறையீடுகளுக்கென்றே ஒரு தீர்ப்பாயம் இயங்குகிறது. 1942-ல் இறந்த மாலுமி டெடி ஷீனுக்கு 2020-ல் விக்டோரியா கிராஸ் கிடைத்தது அந்தத் தீர்ப்பாயத்தின் பரிந்துரையை ஒட்டித்தான்.

இந்தியாவில் 2021 ஜூனில் ஒரு மாற்றம் வந்தது. போர் ஆவணங்களைப் பொதுவாக 25 வருடத்துக்குள் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் கொள்கை வகுத்தது. 1965, 1971 போர்க் குறிப்பேடுகள் முழுசாகத் திறக்கப்பட்டால், யார் எந்த நாளில் எங்கே நின்றார் என்பதற்கு எழுத்துப்பூர்வ சாட்சி கிடைக்கும்.

அதுவரை, வீட்டில் 80 வயதைத் தாண்டிய முன்னாள் வீரர் இருந்தால் இந்த வாரமே ஒரு நோட்டு எடுத்து அவருடைய ராணுவ எண், படைப்பிரிவு, கூட இருந்தவர்களின் பெயர், நின்ற இடங்கள் எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள். பெட்டியில் இருக்கும் மெடல் யாருடையது என்று நாளைக்குச் சொல்லப்போவது அந்த நோட்டுதான்.