அடுப்புக்கு ஒரு வரி: கல்கத்தாவில் எரிபொருள் பிரசாரத்தின் வரலாறு

ஒரு பண்டத்தை உற்பத்தி செய்வோர் எல்லாரும் அளவுக்கு ஏற்ப ஒரு சிறு தொகை கட்டி, எந்த நிறுவனத்தின் பெயரையும் முன்னிறுத்தாமல் அந்தப் பண்டத்துக்காகவே பிரசாரம் செய்வது வணிக உலகில் பழைய வழக்கம். எரிபொருள் துறையில் இதற்கு இன்று நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு அமெரிக்காவின் புரொப்பேன் கல்வி ஆராய்ச்சி மன்றம். 1996இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் வழியே உருவான, லாப நோக்கமற்ற அமைப்பு அது. ஆனால் அதற்கு 67 ஆண்டுகள் முன்பே, 1929இல், வங்காள, பீகார் சுரங்கங்களின் அடுப்புக்கரிக்காக இந்தியாவில் இதே முறை சட்டமாகியிருந்தது. ஜாதவ்பூர் உள்ளிட்ட கல்கத்தாவின் சமையலறைகள் கரியிலிருந்து எரிவாயுவுக்கு மாறிய கதையில் இத்தகைய பிரசார அமைப்புகளுக்கும் பங்கு உண்டு.

இந்தியாவில் இம்முறைக்கு முன்னோடி தேயிலை. தோட்ட முதலாளிகளின் வேண்டுகோளின்படியே 1903இல் தேயிலை வரிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் தேயிலையின் எடைக்கு ஏற்ப வசூலான பணத்தைக் கல்கத்தாவில் இயங்கிய குழு ஒன்று விளம்பரத்துக்குச் செலவிட்டது. முதலில் வெளிநாட்டுச் சந்தைகளையே நாடிய அக்குழு, பின்னர் உள்நாட்டின் பக்கம் திரும்பியது. ரயில் நிலையங்களிலும் ஆலைகளிலும் தேநீர்க் கடைகளை ஊக்குவித்தது. தேநீர் போடும் முறையை மக்களுக்குச் செய்து காட்டியது. தேநீர் குடிக்கும் பழக்கம் நாடெங்கும் பரவியதில் இந்தப் பிரசாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நிலக்கரித் தொழிலுக்கும் அதுவே வழிகாட்டியது.

ராணிகஞ்ச், ஜரியா சுரங்கங்கள் அருகில் இருந்ததால் கல்கத்தாவில் விறகைவிட நிலக்கரி எளிதாகக் கிடைத்தது. ஆனால் பச்சை நிலக்கரியை வீட்டுக்குள் எரித்தால் புகை தாங்க முடியாது. அதற்கு மாற்றாக வந்தது சாஃப்ட் கோக் எனப்படும் மென்கரி. சுரங்கத்தை ஒட்டிய வெட்டவெளியில் நிலக்கரியைக் குவித்துத் தீ மூட்டுவார்கள். புகையாகப் போகக்கூடிய பொருள்களில் பெரும்பகுதி எரிந்து தீர்ந்ததும் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். மிஞ்சும் கரி எளிதில் பற்றும், புகையும் குறைவு. செய்முறை மலிவானதுதான், ஆனால் நஷ்டம் மிகுந்தது. தாராக, அமோனியாவாக, வாயுவாகப் பிரித்தெடுத்து விற்கக்கூடிய அத்தனையும் காற்றில் கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்தெடுப்பதற்கான கல்வியான வேதிப் பொறியியலை இந்தியாவில் 1921இலேயே தொடங்கியது வங்காளத் தொழில்நுட்ப நிறுவனம். தேசியக் கல்வி இயக்கத்தில் பிறந்த அந்நிறுவனமே பின்னர் ஜாதவ்பூரில் வேரூன்றி, 1955இல் பல்கலைக்கழகமானது. அத்துறையை உருவாக்கிய ஹீராலால் ராய், 1947இல் இந்திய வேதிப் பொறியாளர் கழகத்தையும் முன்னின்று தொடங்கினார். கழகத்தின் தலைமையகம் இன்றும் ஜாதவ்பூர் வளாகத்தில்தான் இருக்கிறது.

1929இல் இந்திய மென்கரி வரிச் சட்டம் நிறைவேறியது. வங்காளத்திலும் பீகார்-ஒரிசா மாகாணத்திலும் உள்ள சுரங்கங்களிலிருந்து ரயிலில் அனுப்பப்படும் மென்கரிக்கு டன்னுக்கு 2 அணா வரி. அந்தப் பணத்தைச் செலவிட ஒரு குழு அமைந்தது. மென்கரியின் விற்பனையைப் பெருக்குவதும் அதைச் செய்யும் முறையை மேம்படுத்துவதும் குழுவின் வேலை. விறகும் வரட்டியும் எரித்த வீடுகளைக் கரிக்குத் திருப்ப வேண்டும். இதற்குத் துணையாக ஒரு பொதுநல வாதமும் அப்போது நிலவியது. சாணம் அடுப்பில் சாம்பலாவதால் நிலத்துக்கு உரம் கிடைக்காமல் போகிறது என்ற கவலையை 1928இல் வெளியான வேளாண்மை ராயல் கமிஷன் அறிக்கையும் பேசியிருந்தது. சரக்கு விற்றால் வயலுக்கும் நல்லது என்று கரி வணிகர்களால் சொல்ல முடிந்தது.

கல்கத்தா வீடுகளில் இக்கரி எரிந்தது ‘உனுன்’ என்ற மண் அடுப்பில். தூக்கி வைக்கக்கூடிய வகைக்குத் ‘தோலா உனுன்’ என்று பெயர்: இரும்பு வாளியின் உள்புறம் களிமண் பூசி, நடுவில் கம்பிகளைக் குறுக்கே பதித்து, அடியில் சாம்பல் விழவும் காற்று நுழையவும் ஒரு வாய் விட்டிருப்பார்கள். ‘கூன்ட்டே’ எனப்படும் வரட்டியையும் சிறிது மண்ணெண்ணெயையும் கொண்டு வாசலில் வைத்துப் பற்றவைத்து, புகை அடங்கிய பிறகே உள்ளே எடுத்துச் செல்வது வழக்கம். உதிர்ந்த கரித்தூளும் வீணாகாது. மண்ணோடு பிசைந்து உருட்டிக் காயவைத்தால் அது ‘குல்’ என்ற எரிபொருள்.

1947க்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் ஜாதவ்பூரைச் சுற்றிப் பிஜய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர் முதலான குடியிருப்புகளை எழுப்பினர். சுலேகா மை, பெங்கால் லேம்ப் போன்ற தொழிற்சாலைகளும் அவ்வட்டாரத்தில் இயங்கின. ஓரிரு அறை வீடுகள் நெருக்கமாக அமைந்த இத்தகைய இடங்களில், ஒரே நேரத்தில் பற்றவைக்கப்படும் அடுப்புகளின் புகை குளிர்கால மாலைகளில் தரையோடு தங்கிவிடும். புகைக்கு எதிரான சட்டம் கல்கத்தாவுக்குப் புதிதல்ல. 1863லும் 1905லும் சட்டங்கள் வந்தன. ஆனால் அவற்றின் கண் ஆலைப் புகைபோக்கிகள் மீதுதான் இருந்தது, வீட்டு அடுப்பைத் தொடவில்லை. அடுப்பைச் சிக்கனப்படுத்தும் முயற்சிகளும் நடக்காமல் இல்லை. மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் 1910இல் உருவாக்கிய ‘இக்மிக்’ குக்கர், சிறிதளவு கரியின் சூட்டில் எழும் நீராவியைக் கொண்டே அடுக்குப் பாத்திரங்களில் சோறும் பருப்பும் காய்கறியும் ஒன்றாக வேகவைத்தது.

கல்கத்தாவுக்கு எரிவாயு ஏற்கெனவே வந்திருந்தது. ஓரியண்டல் காஸ் கம்பெனி நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவைக் குழாய்வழி அனுப்பி, 1857இல் நகரின் தெருவிளக்குகளை ஏற்றியது. பின்னர் மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடங்களும் வசதியான சில வீடுகளும் அதைப் பயன்படுத்தின. குழாய் போகாத இடத்துக்கு அந்த வாயு போகாது. நகரின் தெற்கே புதிதாக முளைத்த குடியிருப்புகளுக்குத் தேவைப்பட்டது தூக்கிச் செல்லக்கூடிய எரிபொருள்.

அது திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயுவாக வந்தது. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டின் கலவை அது. மிதமான அழுத்தத்திலேயே திரவமாகிவிடுவதால் உருளையில் அடைப்பது எளிது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலும் பியூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரியிலும் கொதிக்கும். கடுங்குளிர் நாடுகளில் பியூட்டேன் உருளைக்குள்ளேயே திரவமாகத் தங்கிவிடும் என்பதால் அங்கே புரொப்பேனுக்கே மதிப்பு. வங்காளத்தின் வெப்பத்தில் அந்தச் சிக்கல் இல்லை, கலவையே போதும்.

இந்தியாவில் இதை முதலில் வீடுகளுக்கு விற்றது பர்மா ஷெல். 1955இல் பம்பாயில் ‘பர்ஷேன்’ என்ற பெயரில் விற்பனை தொடங்கியது. பத்தாண்டு கழித்து, 1965 அக்டோபர் 22 அன்று, அரசுத்துறை நிறுவனமான இந்தியன் ஆயில் தன் முதல் ‘இண்டேன்’ இணைப்பைக் கல்கத்தாவில் வழங்கியது. ஹால்தியா சுத்திகரிப்பு ஆலை 1975இல் இயங்கத் தொடங்கியதும் நகருக்கு அருகிலேயே எரிவாயு உற்பத்தியாகும் நிலை வந்தது.

எரிவாயு வந்ததும் சமையலறையின் அமைப்பே மாறியது. வங்காளப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, ‘போன்ட்டி’ எனப்படும் அரிவாள்மணையில் மீனும் காயும் நறுக்கி, தாழ்ந்த அடுப்பில் சமைத்தவர்கள். பெட்ரோலிய வாயுவோ காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரைமட்டத்தில் படியும். ஆகவே சிலிண்டர் தரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதற்கு மேடை தேவைப்பட்டது. சமைப்பவரும் எழுந்து நின்றார். வாயுவுக்கு இயல்பில் வாசனை இல்லை என்பதால் கசிவைக் காட்டிக்கொடுக்க மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளையும் கலக்கிறார்கள். இவற்றையெல்லாம் கற்பிக்கும் பொறுப்பு எண்ணெய் நிறுவனங்களிடமும் அவற்றின் முகவர்களிடமும் வந்து சேர்ந்தது.

ஆனால் ‘எரிவாயு வாங்குங்கள்’ என்று யாரும் பிரசாரம் செய்ய வேண்டியிருக்கவில்லை. கேட்டவர்களுக்குக் கொடுக்கவே சரக்கு போதவில்லை. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இணைப்பு ஒதுக்கீடு இருந்ததால், எரிவாயு இணைப்புக்கும் சிபாரிசு தேவைப்பட்ட காலம் அது. 1973இன் எண்ணெய் நெருக்கடி இறக்குமதிச் செலவை ஏற்றிவிட்டிருந்தது. இச்சூழலில் எண்ணெய்த் துறையின் ஆதரவோடு உருவான அமைப்பு நேர் எதிரான வேலையைச் செய்தது. 1978இல் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் பதிவுபெற்ற சங்கமாக நிறுவப்பட்ட பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம், எரிபொருளைக் குறைத்துச் செலவிடக் கற்றுக்கொடுத்தது. பருப்பை ஊறவையுங்கள், பாத்திரத்தை மூடுங்கள், பிரஷர் குக்கர் வாங்குங்கள், கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள், பர்னரைச் சுத்தமாக வையுங்கள் என்பன அதன் பாடங்கள். எரிவாயு கிடைக்காத வீடுகளுக்காக, மண்ணெண்ணெயை மிச்சப்படுத்தும் ‘நூதன்’ திரி ஸ்டவ்வை இந்தியன் ஆயிலின் ஆராய்ச்சி மையம் உருவாக்கியது.

1993இல் தனியாரும் எரிவாயுவை இறக்குமதி செய்து விற்க அனுமதி கிடைத்தது. உள்நாட்டு உற்பத்தியும் இறக்குமதி வசதியும் பெருகின. ஹால்தியாவிலும் இறக்குமதி முனையம் அமைந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிக் காத்திருப்போர் பட்டியல் கரைந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்த பிறகு மிஞ்சியவர்கள், கேட்கவே வசதியில்லாத ஏழைகள். அவர்களிடம் எரிவாயுவைக் கொண்டுபோவதை அரசுகள் ஏற்றன. ஆந்திராவில் 1999இல் தீபம் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2007இல் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் தொடங்கியது. மத்திய அரசு 2016 மே 1 அன்று பலியாவில் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கி, 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகளை வழங்கியது. உஜ்வலா தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, வசதியுள்ளவர்கள் மானியத்தை விட்டுக்கொடுக்கும்படி கேட்கும் இயக்கமும் நடந்தது. இணைப்பு பெற்ற கிராமப் பெண்களைக் கூட்டி, பயன்பாட்டையும் பாதுகாப்பையும் பேசவைக்கும் ‘எல்பிஜி பஞ்சாயத்து’களை எண்ணெய் நிறுவனங்கள் நடத்தின. சந்தையின் பெரும்பகுதி மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் கையில் இருந்ததால், பிரசாரத்துக்கென்று தனி வரியும் தனி மன்றமும் இங்கே தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே புரொப்பேனைச் சிறிதும் பெரிதுமாக ஏராளமான தனியார் விற்கிறார்கள். மின்சாரமும் குழாய்வழி இயற்கை வாயுவும் போட்டிக்கு நிற்கின்றன. அதனால் நாற்றப்பொருள் கலக்கும் கட்டத்திலேயே காலனுக்கு அரை சென்டுக்கு மிகாத தொகையை வசூலித்து, பாதுகாப்புப் பயிற்சி, ஆராய்ச்சி, நுகர்வோர் பிரசாரம் ஆகியவற்றுக்கு மன்றம் செலவிடுகிறது. பிரசாரத்துக்குச் சட்டம் ஒரு கடிவாளமும் போட்டிருந்தது. புரொப்பேன் விலை ஒப்பீட்டளவில் ஒரு வரம்புக்கு மேல் ஏறினால் நுகர்வோர் பிரசாரத்தை நிறுத்திவைக்க வேண்டும். 2009இல் அந்த வரம்பு மீறப்பட்டதால் மன்றத்தின் நடவடிக்கைகள் கட்டுப்படுத்தப்பட்டன. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது.

இந்த அமைப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பிரசாரத்தின் திசையைச் சரக்கின் இருப்பே தீர்மானித்திருப்பது புலப்படும். மென்கரியும் அமெரிக்கப் புரொப்பேனும் விற்க வேண்டிய சரக்குகளாக இருந்தன. அவற்றின் அமைப்புகள் ‘எரியுங்கள்’ என்றன. எண்ணெயை வெளியிலிருந்து வாங்கிய இந்தியாவின் அமைப்பு ‘மிச்சம் பிடியுங்கள்’ என்றது. நாட்டில் செலவாகும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இன்னும் இறக்குமதியே என்பதால் அந்தப் பாடம் காலாவதியாகவில்லை. கல்கத்தாவிலோ கரி அடுப்பு வீடுகளிலிருந்து பெரும்பாலும் விடைபெற்றுவிட்டது. குழாய்வழி இயற்கை வாயுவைக் கொண்டுவருவதற்காக கெயில் நிறுவனமும் மாநில அரசின் எரிவாயுக் கழகமும் 2019இல் கூட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கின. அதன் இணைப்புகள் பரவப் பரவ, அடுத்த போட்டி சிலிண்டருக்கும் குழாய்க்கும் இடையேதான்.