லாண்ட்மாஸ்டரும் மண்ணெண்ணெயும்

லாச்சப்பல் தேநீர்க்கடையில் 'லாண்ட்மாஸ்டர்' என்றால் ஊர்க்காரர் முகம் மலரும். இங்கிலாந்து நிறுவனமொன்றின் பெயர். யாழ்ப்பாணத்தில் இருசக்கர உழவு இயந்திரத்துக்கே பெயராகிவிட்டது.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட்டியது நம்மவர் கண்டுபிடிப்பென்றே நினைத்திருந்தேன். பொறியியல் படித்தபின்தான் தெரிந்தது: ஃபெர்குசன் உழவு இயந்திரத்தின் 1949ஆம் ஆண்டு மாதிரியொன்று இம்முறையில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் மாற்றவேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோல், அடுத்தநாள் தொடக்குவதற்காக. எரியாத மண்ணெண்ணெய் கலந்து எஞ்சின் எண்ணெய் நீர்த்துப்போகும். அதை அடிக்கடி மாற்றவேண்டும்.

இதையெல்லாம் நூலின்றி, கைப்பழக்கத்தில் கற்றவர்கள் எங்களூர்த் திருத்துநர்கள். அவர்களுக்கு வயதாகிறது, கேட்டு எழுதிவைக்க வேண்டியவர்கள் நாம்தான்.