முத்துக் குளித்தவர்களும் முருகைக்கல் பார்ப்பவர்களும்



குளித்தல் என்ற சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருள் கிணற்றடியோடு நின்றுவிடுகிறது. பழந்தமிழில் அதற்கு மூழ்குதல் என்ற பொருளும் உண்டு. முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் ஆகிய தொடர்களில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. இத்தொடர்களைச் சற்று ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கடலுக்குள் இறங்கிய நம் முன்னோர் எதையாவது எடுத்து வரவே இறங்கினார்கள். இன்று பாசிக்குடாவில் முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழாயுமாக நீர்மேல் கவிழ்ந்து மிதந்து, அடியிலுள்ள முருகைக்கற்களைப் பார்க்கிறார்கள். அதனை நாம் 'ஸ்நோர்க்கலிங்' என்று அந்நியச் சொல்லாலேயே அழைக்கிறோம். எடுக்க இறங்கிய காலத்திலிருந்து பார்க்க இறங்கும் காலத்துக்கு இந்தத் தீவு வந்து சேர்ந்த வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

முத்தின் கதை நெடியது. 1344இல் புத்தளத்தில் கரையிறங்கிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துகளைக் கண்டதைத் தம் பயண நூலில் குறித்திருக்கிறார். மன்னார்க் கடலில் பரவர்களும், கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம்களும், அரபு நாட்டவரும் ஒரே சலாபத்தில் மூழ்கினர். கயிற்றில் கட்டிய பாரக்கல்லில் காலை ஊன்றி ஐந்து முதல் பத்துப் பாகம் வரை இறங்குவார்கள். ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சுக்குள் சிப்பிகளை அள்ளிக் கூடையில் இட்டுக் கயிற்றை அசைப்பார்கள். மேலே இருப்பவன் இழுத்தெடுப்பான். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் ஓதும் 'கடல்கட்டி'க்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மாத்திரம் எட்டுக் கோடிச் சிப்பிகள் வரை எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மரிச்சுக்கட்டியில் அரச அலுவலராகப் பணிபுரிந்த லெனாட் வூல்ஃப் அந்த அனுபவத்தைப் பிற்காலத்தில் எழுதினார். சலாபத்தைப் பற்றிய அரச ஏடுகளில் எண்ணிக்கையும் ஏலத்தொகையும் நிறைய உண்டு. மூழ்கியவனின் கண் கீழே என்ன கண்டது என்பதை அவற்றில் தேடிப் பயனில்லை.

பார்ப்பதற்காகவே இறங்கி, பார்த்ததை எழுதியும் வரைந்தும் வைத்தவர்கள் பின்னர் வந்தார்கள். 1860களில் ஒஸ்ரியப் பிரபுவான ரன்சொனே என்பவர் மூழ்கு கூண்டொன்றில் அமர்ந்து இலங்கைக் கடலடியை வரைந்தார். 1881இன் இறுதியில் வந்த ஜேர்மனிய உயிரியலாளர் ஹெக்கலிடம் அத்தகைய கூண்டு இல்லை. காலிக் கடலில் வெறுங்கண்ணைத் திறந்தபடியே நீருக்கடியில் நீந்தப் பழகினார். முருகைக்கல் கீறி உடம்பெல்லாம் காயத்தோடு கரையேறினாலும் தாம் கண்ட நிறங்களை மறக்காது எழுதினார். 1956இல் ஆர்தர் சீ. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலில் மூழ்கியபோது, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்கள் சுவாமி மலையடியில் கிடக்கக் கண்டார்கள். இழந்துவிட்டதாக நாம் எண்ணிய ஒன்று நீருக்குள் இருந்ததைப் பார்க்கப் போனவர்களே நமக்குச் சொன்னார்கள்.

இவ்விடத்தில் ஒரு சொல்விளக்கம் அவசியமாகிறது. இலக்கியத்தில் நாம் படிக்கும் செம்பவளம் வேறு, நம் கரையோரத்து முருகைக்கல் வேறு. அணிகலனாகும் செம்பவளம் மத்தியதரைக் கடலிலிருந்து வணிகக் கப்பல்களில் இந்நாடுகளுக்கு வந்த பொருள். முருகைக்கல்லோ நம் கடலிலேயே வாழும் சிற்றுயிர்கள் சுண்ணாம்பால் கட்டிய வீடு. திரண்ட வகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். ஓர் ஆள் உயரக் கல்லுக்கு நூறாண்டுக்கு மேல் வயதிருக்கும். பவளத்துக்கு உவமை கண்ட நாம், வீட்டு வாசலில் கிடந்த முருகைக்கல்லுக்குச் சூளைதான் கண்டோம். வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பிலும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பூசிய சாந்திலும் அது கரைந்தது. 1984இல் எடுத்த கணக்கின்படி அம்பலாங்கொடைக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையில் மாத்திரம் ஆண்டுக்குச் சுமார் 18,000 தொன் முருகைக்கல் சுண்ணாம்புத் தொழிலுக்கு எடுக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தை 1988இல் திருத்திய பின்னரே அதற்குத் தடை வந்தது.

சூளைக்குத் தப்பியதை வெப்பம் விடவில்லை. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது, இவ்வுயிர்களுக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசி அவற்றை விட்டு நீங்கிவிடும். கல் வெளிறும். சூடு நீடித்தால் உயிரும் போகும். 1998இல் இக்கடுவைக் கல்லின் பெரும்பகுதி இவ்வாறே மடிந்தது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவின் கற்கள் அவ்வாண்டு பெரிதும் பிழைத்தன. 2003இல் அத்தீவு தேசியப் பூங்காவாக்கப்பட்டது.

நமது கல்முனைக் கரையில் இத்தகைய அமைதியான குடா இல்லை. மருதமுனை தொடங்கிக் காரைதீவு வரை திறந்த கடல், மணற்கரை. நம் பிள்ளைகள் அலையோசை கேட்டு வளர்கிறார்கள், அலைக்குக் கீழே இருப்பதைக் கண்டதில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பின் கடலை நோக்கவே நமக்கு மனம் வரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த கரை இது. அந்த அச்சத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைப் பாசிக்குடாவுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம். கடலென்றாலே ஒதுங்கி நின்ற மாணவன் ஒருவன் இரவல் கண்ணாடியை மாட்டி முகத்தை நீரில் வைத்தான். நிமிர்ந்தபோது, "சேர், கொஞ்சம் கல்லுத்தான் நிறமா இருக்கு, மற்றதெல்லாம் சாம்பல்" என்றான். ஊர் திரும்பிய பின் இதைக் கரைவலை இழுத்து மூத்த ஒருவரிடம் சொல்லி, "காக்கா, வலையைக் கிழிக்கிற கல்லு செத்தால் உங்களுக்கு நல்லதுதானே?" என்று கேட்டேன். "வலைக்குக் கல்லு எதிரிதான் சேர். ஆனா மீனுக்கு அதுதானே ஊடு" என்றார் அவர்.

மாணவன் கண்ணால் கண்டதும் முதியவர் தொழிலால் அறிந்ததும் ஒன்றுதான். காடு எரிந்தால் புகை தெரியும், குளம் வற்றினால் வெடிப்புத் தெரியும். முருகைக்கல் செத்தால் மேலே எதுவும் தெரியாது. கரையில் நிற்பவனுக்குக் கடல் அன்றும் நீலம், இன்றும் நீலம். ஆகவே, கல்லை மிதிக்காமல், ஒடிக்காமல், ஒரு துண்டையேனும் பையில் போடாமல் பார்த்துவிட்டு வருவதை வெறும் உல்லாசம் என்று தள்ளிவிடலாகாது. முத்தெடுத்த ஆண்டுகளையும் தொகைகளையும் எழுதி வைத்திருக்கிறோம். நம் பிள்ளைகள் பார்த்து வந்ததையும் தேதியிட்டு எழுதி வைக்கட்டும். பின்னர் வருபவனுக்கு அங்கே என்ன இருந்தது என்று அறிய அது உதவும்.