‘முதன்மையாக’ என்ற ஒரு சொல்: சென்னையின் மேற்குப் புறநகர்களில் இரண்டாம் அடுப்பின் வரலாறு

விறகு போய் மண்ணெண்ணெய் வந்தது, மண்ணெண்ணெய் போய் எரிவாயு வந்தது என்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் அடுப்படி வரலாற்றை மூன்று படிகளில் சொல்லி முடிப்பது எளிது. இந்த ஏணிக் கணக்குக்கு ஆய்வுலகில் வலுவான வடிவம் தந்தவர்களுள் ஒருவர் ஜெரால்ட் லீச். தெற்காசிய வீடுகளின் எரிசக்தி பற்றி 1987இல் நூல் எழுதியவர். 1992இல் ‘எனர்ஜி பாலிசி’ இதழில் வந்த அவருடைய ‘எரிசக்தி மாற்றம்’ கட்டுரையோடுதான் எனக்கு வழக்கு.

விறகு, வறட்டி போன்றவற்றை விட்டு ஒரு குடும்பம் நவீன எரிபொருளுக்கு மாறுவதை ஊரின் அளவும், ஊருக்குள் அக்குடும்பத்தின் வருமானமும் தீர்மானிக்கின்றன என்பது லீச்சின் வாதம். புதிய எரிபொருள் கைக்கெட்டாததும் அதற்கான அடுப்பின் விலையும்தான் பெரிய தடைகள். எரிபொருள்களின் ஒப்பு விலைக்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை. தடைகளை நீக்கினால் மாற்றம் தானே நடக்கும். இதில் பாதி உண்மை. 2006–2011 திமுக ஆட்சியில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் கொடுத்தபோதும், 2016 மே 1 அன்று பல்லியாவில் ஒன்றிய அரசின் உஜ்வலா எரிவாயு இணைப்புத் திட்டம் தொடங்கியபோதும் அரசுகள் பிடித்துக்கொண்டது இந்தப் பாதியைத்தான்.

மற்றப் பாதியை ஏற்க முடியவில்லை. சிற்றூர், நடுத்தர ஊர், பெருநகரம் என்று ஒரே காலத்தில் அருகருகே நிற்பவற்றை லீச்சின் வாசிப்பு ஒரே ஊரின் நேற்று, இன்று, நாளை என்று அடுக்கிவிடுகிறது. 1960களின் ஆவடியை அந்த அடுக்கில் எங்கே வைப்பது? கனரக ஊர்தித் தொழிற்சாலையின் குடியிருப்பு ஒருபுறம், ஏரிக்கரைக் குடிசைகள் மறுபுறம். 1964இல் தொழிற்பேட்டை வந்த அம்பத்தூரும் அப்படியே. இவை சிற்றூராக இருந்து படிப்படியாக நகரமானவை அல்ல. வயல் நடுவே தொழிற்சாலை இறங்கிய ஊர்கள். இங்கே ஊரின் அளவு எதையும் விளக்காது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஒரே வீட்டில் இரண்டு எரிபொருள் இருந்தால் ஏணிப் பார்வை அதை நடுப்படியாகத்தான் எண்ணும். அந்தக் குடும்பம் இன்னும் ஏறி முடிக்கவில்லை என்று பொருள் கொள்ளும். மெக்சிகோக் கிராமங்களைப் பார்த்த மசேரா, சாட்காம்ப், காமன் மூவரும் 2000இல் இதை மறுத்தார்கள்: குடும்பங்கள் புதிய அடுப்பைச் சேர்த்துக்கொள்கின்றனவே தவிர, பழையதைக் கைவிடுவதில்லை. அவர்கள் மெக்சிகோவில் கண்டதை நம் புழக்கடையிலும் காட்ட முடியும். ஆனால் நம் கணக்கெடுப்புகள் அதைப் பதிவு செய்யவில்லை. 1991 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சமையல் எரிபொருளைக் கேட்கிறது. 2011க்கான வீட்டுப் பட்டியலில் விறகு முதல் மின்சாரம், சாண எரிவாயு வரை தனித்தனிக் குறியீடுகள் உண்டு. எத்தனை அடுப்பு எரிந்தாலும் ஒரு வீட்டுக்கு ஒரு குறியீடுதான்.

இந்தப் பின்னணியில்தான் 1998–99இல் நடந்த இரண்டாம் தேசியக் குடும்பநல ஆய்வின் வினாப்படிவம் முக்கியமாகிறது. உங்கள் வீட்டில் சமைக்க முதன்மையாகப் பயன்படும் எரிபொருள் எது என்பது வழக்கமான கேள்வி. அதை அடுத்து இன்னொரு கேள்வி வருகிறது: சமைக்கவோ சூடாக்கவோ வழக்கமாக வேறு எந்த எரிபொருள்களைப் பயன்படுத்துகிறீர்கள்? மூன்றாம் சுற்றில், 2005–06இல், புகைபோக்கி உண்டா, அடுப்பா திறந்த நெருப்பா என்ற நல்ல கேள்விகள் வந்தன. வேறு எரிபொருள்களைப் பற்றிய கேள்வி போய்விட்டது.

‘சூடாக்க’ என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். குளிர்நாட்டு வினாப்படிவத்தில் அது அறையைச் சூடாக்குவது. அம்பத்தூரில் எந்த அறையைச் சூடாக்குவார்கள்? இங்கே அது வெந்நீர். கொல்லையில் மூன்று கல், கரியேறிய தவலை, விறகுத் தொட்டியில் வாங்கிய சவுக்குக் கட்டை அல்லது தெருவில் பொறுக்கிய சுள்ளி. பிள்ளை பெற்றவளுக்கும் வயதானவர்க்கும் அதில்தான் தண்ணீர் காயும். உள்ளே சிலிண்டர் இருக்கும். “எதில் சமைக்கிறீர்கள்?” என்றால் “கேஸ்” என்ற பதில் பொய்யல்ல, வெளியே எரிவது சமையல் இல்லையே. ‘சமையல்’ என்ற சொல்லே கொல்லை அடுப்பைக் கணக்குக்கு வெளியே தள்ளிவிடுகிறது. விறகு நீடித்தது எரிவாயு எட்டாததால் மட்டுமல்ல, அதன் வேலையே வேறு என்பதால்தான் என்று நான் வாதிடுவேன். இதற்கு எண் ஆதாரம் மெலிது. இரண்டாம் சுற்றின் மாதிரி மாவட்ட அளவுக்கு இறங்கும் அளவு பெரிதல்ல. ஆனாலும் அந்த ஒரு சொல் திறந்த கதவை மூடியிருக்கக் கூடாது.

கணக்கெடுப்பு காணாததைக் கண்ட ஆவணம் ஒன்று நம் வீடுகளிலேயே இருந்தது: குடும்ப அட்டை. எரிவாயு இணைப்பு உள்ள வீட்டின் அட்டையில் ஒரு சிலிண்டரா இரண்டா என்று முத்திரை குத்தினார்கள். அதைப் பொறுத்து ரேஷனில் ஊற்றும் கிருஷ்ணாயிலின் அளவு மாறியது. ஒற்றைச் சிலிண்டர் வீட்டில் அது தீர்ந்து அடுத்தது வரும்வரை திரி ஸ்டவ்தான் சோறாக்கும் என்பது உணவு வழங்கல் துறைக்குத் தெரிந்திருந்தது. அந்த முத்திரை இரண்டாம் அடுப்புக்கு அரசு தந்த அங்கீகாரம். லீச்சின் ஏணியை எதிர்க்க இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

மண்ணெண்ணெய்க்கு இன்னொரு விதியும் நேர்ந்தது. மூன்றாம் சுற்றில் வீடுகளைப் பிரித்த கோடு ‘திட எரிபொருள்’. ஸ்டவ் வீடு நல்ல பக்கம் நின்றது. நான்காம் சுற்றில், 2015–16இல், கோடு ‘தூய எரிபொருள்’ ஆனது. மின்சாரம், எரிவாயு, சாண எரிவாயு மட்டுமே உள்ளே. அதே வீடு, அதே ஸ்டவ், இப்போது கெட்ட பக்கம். தூய எரிபொருள் வீடுகள் நாட்டில் 43.8 விழுக்காட்டிலிருந்து 2019–21இல் 58.6 விழுக்காடாகின என்ற ஒப்பீடு செல்லும். அதை 2005–06 வரை பின்னோக்கி நீட்டுபவர் இந்தக் கோட்டு மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும்.

எல்லைச் சிக்கலும் உண்டு. 1991இல் இவ்வட்டாரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது. 2011 கணக்கெடுப்பில் 4,66,205 பேர் கொண்ட நகராட்சியாக நின்ற அம்பத்தூர் அதே ஆண்டு சென்னை மாநகராட்சியில் கரைந்தது. ஐந்தாம் சுற்று 2017 மார்ச் மாத மாவட்ட எல்லைகளைக் கொண்டது. சென்னை மாவட்டம் விரிந்ததோ 2018இல். ஆகவே அந்த ஆய்வில் அம்பத்தூர் இன்னும் திருவள்ளூர்தான். ‘சென்னை’ வரிசையில் அதைத் தேடக் கூடாது.

எந்த அடுப்பு எங்கே எரிகிறது என்பது உடல்நலத்துக்கும் முக்கியம். பூந்தமல்லிக்குக் கிழக்கே போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழகத்தின் நான்கு மாவட்டக் கிராமங்களில் 436 வீடுகளில் காற்றுத் துகள்களை அளந்து 2002இல் வெளியிட்டது. எரிபொருள் மட்டுமல்ல, சமையலறையின் அமைப்பும் சமைக்கும்போது அதன் அருகே இருக்கும் நேரமும் சுவாசிக்கும் துகளின் அளவை மாற்றுகின்றன என்று கருவிகள் காட்டின. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் வெளியிட்ட வீட்டு எரிசக்தி வினாக்களில் இரண்டாம் அடுப்பைக் கேட்கச் சொல்கிறது.

விறகு இப்புறநகர்களின் கொல்லைகளை விட்டு எந்த ஆண்டில் நீங்கியது, நீங்கிவிட்டதா என்பதையே என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அதை வினாப்படிவங்கள் சொல்லாது. முத்திரை குத்திய பழைய குடும்ப அட்டை, எரிவாயு நுகர்வோர் புத்தகம், விறகுத் தொட்டிச் சீட்டு, வீட்டு வரவுசெலவுக் குறிப்பு எதுவாயினும் இவ்வட்டார வாசகர்கள் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிட வேண்டாம். தேதியோடு படி எடுத்து வையுங்கள்.