நல்ல அரசர், தீய அரசர்: எபிரேய நூல்களும் கோப்பெருஞ்சிங்கனும்

எபிரேய வேதாகமத்தில், கிறித்தவர் பழைய ஏற்பாடு என்று சொல்லும் பகுதியில், இராஜாக்கள் என்ற பெயரில் இரண்டு நூல்கள் உள்ளன. சாலொமோனுக்குப் பின் நாடு வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என இரண்டாகப் பிரிந்தது. இரு நாட்டு அரசர்களையும் இந்நூல்கள் வரிசையாகக் கூறுகின்றன. பட்டமேற்ற ஆண்டு, ஆண்ட காலம் ஆகியவற்றோடு, கடவுளின் பார்வையில் அவன் நல்லவனா, தீயவனா என்ற தீர்ப்பும் வருகிறது. வடநாட்டு அரசர்களில் பாராட்டுப் பெற்றுத் தேறியவர் எவருமில்லை எனலாம். தென்னாட்டில் எட்டுப் பேர் பாராட்டப்படுகின்றனர். குறையேதும் சொல்லப்படாமல் முழு மதிப்பெண் பெறுவோர் எசேக்கியாவும் யோசியாவும் மட்டுமே.

வரி, நீர்ப்பாசனம், போர் வெற்றி ஆகியவை இங்கு அளவுகோல் அல்ல. அரசன் எருசலேம் ஆலயத்தில் மட்டும் வழிபட்டானா, மற்ற தெய்வங்களின் மேடைகளை இடித்தானா என்பதே கேள்வி. ஒம்ரி என்ற வடநாட்டு அரசனை எடுத்துக்கொள்வோம். சமாரியா என்ற தலைநகரைக் கட்டியவன் அவன். அவன் மரபு அழிந்த பிறகும் அசீரியர் அந்நாட்டை ஒம்ரியின் வீடு என்றே எழுதினர். 1868இல் இன்றைய ஜோர்தானில் கிடைத்த மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டும் அவன் பெயரைச் சொல்கிறது. இராஜாக்கள் நூலோ சில வசனங்களில் அவனைத் தீயவன் என்று முடித்துவிடுகிறது. அவன் மகன் ஆகாப் கி.மு. 853இல் கார்கார் போருக்கு 2,000 தேர்களோடு வந்தான் என்று அசீரியக் கல்வெட்டு கூறுகிறது. அந்தப் போரைப் பற்றி வேதாகமத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. சமாரியா கி.மு. 722இலும் எருசலேம் கி.மு. 586இலும் வீழ்ந்தன. நூல் இன்றைய வடிவம் பெற்றது பாபிலோனியச் சிறையிருப்புக் காலத்தில் என்பது அறிஞர் பலரின் கருத்து. நாடு ஏன் அழிந்தது என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் அதை எழுதினர். பழியின் பெரும்பங்கு 55 ஆண்டு ஆண்ட மனாசேயின் தலையில் விழுந்தது. பிற்காலத்து நாளாகம நூலோ, இதே மனாசே சிறைப்பட்டு, மனம் திருந்தி, மீண்டும் அரசாண்டான் என்கிறது. இவ்வளவு தீயவன் இவ்வளவு காலம் எப்படி ஆண்டான் என்ற சங்கடம் அந்த ஆசிரியருக்கு இருந்திருக்க வேண்டும்.

ஒம்ரி தன்னைப் பற்றிப் பொறித்த கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. எதிரி சொன்னதும் அரசன் தானே சொன்னதும் ஒருங்கே கிடைத்துள்ள ஓர் எடுத்துக்காட்டு நம் நடுநாட்டிலேயே இருக்கிறது.

இரண்டு தரப்புக் கல்வெட்டுகள்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் பழமலைநாதர் கோயிலில் காடவர் குலத் தலைவர்களின் கல்வெட்டுகள் உள்ளன. பல்லவர் வழியினர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட இவர்கள் சோழருக்கு அடங்கியவர்கள். குலோத்துங்கசோழக் காடவராயன் என்று பேரரசனின் பெயரையே தம் பட்டத்தில் சுமந்தனர். அந்தக் குலத்தில் வந்தவன் கோப்பெருஞ்சிங்கன். விருத்தாசலத்துக்கு வடக்கே, உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துச் சேந்தமங்கலம் அவன் தலைநகர். அங்கேதான் மூன்றாம் இராசராச சோழனைப் பிடித்துச் சிறைவைத்தான்.

இச்செய்தியை விரிவாகச் சொல்வது கடலூரை அடுத்த திருவகீந்திரபுரம் பெருமாள் கோயில் கல்வெட்டு. காலம் 1231–32. கோப்பெருஞ்சிங்கன் சோழனைச் சிறைசெய்தான், அவன் படை நாட்டை அழித்தது, திருமால் கோயில்களைப் பாழாக்கியது என்று அது குற்றஞ்சாட்டுகிறது. கேள்வியுற்ற போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், சோழ அரசை நிலைநிறுத்தியவன் என்ற பட்டத்தைக் காப்பாற்றுவதற்காகத் தன் தண்டநாயகர்களான அப்பண்ணனையும் சமுத்திர கோப்பையனையும் அனுப்பினான். சோழன் விடுவிக்கப்பட்டான். இந்தக் கல்வெட்டை மட்டும் படித்தால் கோப்பெருஞ்சிங்கன் நம் ஊர் ஆகாப்தான்.

ஆனால் அதே கல்வெட்டு தண்டநாயகர்கள் செய்ததையும் மறைக்கவில்லை. காடவர் ஊர்களை அழித்தார்கள், தீயிட்டார்கள், பெண்டுகளைப் பிடித்தார்கள், கொள்ளையிட்டார்கள். இடையில் சிதம்பரம் சென்று பொன்னம்பலத்தில் வழிபட்டும் வந்தார்கள். இவை குற்றமாக அல்ல, வெற்றியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. செய்தவன் யார் என்பதைப் பொறுத்துச் செயலின் பெயர் மாறுவதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான மூலம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மறுதரப்புக்கு வருவோம். வயலூர்க் கல்வெட்டில் சோழனைச் சிறையிட்ட செயல் வெட்கத்துக்குரியதாக அல்ல, வீரமாகவே பாடப்படுகிறது. சிதம்பரம் கோபுரத் திருப்பணி இந்தக் காடவர் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. ஆந்திரத்துத் திராட்சாராமத்தில் 1262ஆம் ஆண்டுச் சமற்கிருதக் கல்வெட்டு அரசனின் பெருமையையும் பக்தியையும் பேசுகிறது. பரதம் வல்ல பெருமாள் என்பதும் அவன் பட்டங்களுள் ஒன்று. நாட்டியம் அறிந்தவன் என்ற பெருமை அதில் இருக்கிறது. கோயிலை அழித்தவன் என்று ஒரு கல்லிலும் கோயிலைக் கட்டியவன் என்று இன்னொரு கல்லிலும் காணப்படுபவன் ஒரே குலத்தவன். ஒரே ஆளா, தந்தை மகன் என இருவரா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சோழனைச் சிறையிட்டவன் தந்தை, 1243இல் பட்டமேற்றவன் மகன் என்போரே மிகுதி.

இரண்டையும் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. எதிரி நாட்டுக் கோயில் எதிரியின் செல்வம். தன் நாட்டுக் கோயில் தன் புகழ். அக்காலப் போரில் இரண்டும் ஒருவன் கையாலேயே நடக்கக்கூடியவை. எபிரேய நூலாசிரியரின் கையில் இந்தக் காடவன் கிடைத்திருந்தால், யாரைச் சிறையிட்டான் என்பதைக் கேட்டிருக்க மாட்டார். யாரை வணங்கினான் என்றே கேட்டிருப்பார். திருவகீந்திரபுரக் கல்வெட்டோ இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. அரச துரோகமும் தெய்வ நிந்தையும் அதில் ஒரே மூச்சில் வருகின்றன.

பின்னர் சடையவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு வென்று, நாட்டைக் காடவனிடமே திருப்பித் தந்தான். 1279 அளவில் காடவர் ஆட்சி ஓய்ந்தது. சோழர் ஆட்சி முடிந்ததும் ஏறத்தாழ அதே ஆண்டில்தான்.