ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கியர் மாற்றத்தின் மென்மை

ஆட்டோமேட்டிக் கார் ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்கு மாறும்போது, வண்டியின் உந்துதல் சட்டென்று கூடினாலோ குறைந்தாலோ ஓட்டுபவர் அதை ‘ஜெர்க்’ என்று உணர்கிறார். ஜெர்க் எவ்வளவு குறைவோ, மாற்றம் அவ்வளவு மென்மையானது. இந்த மென்மையைக் கியர்பாக்ஸின் தரத்துக்கு அளவுகோலாகவும், அது குறைவதைத் தேய்மானத்தின் அறிகுறியாகவும் கொள்வது வழக்கமாகிவிட்டது. இரண்டும் பாதி உண்மையே. ஆயிலின் அழுத்தம், கிளட்ச் தட்டுகளின் உராய்வு, இன்ஜின் தரும் டார்க் (முறுக்குவிசை) ஆகிய மூன்றும் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் ஒன்றோடொன்று பொருந்தினால் கிடைப்பதே மென்மை. ஆகவே ஜெர்க்கைக் குறைக்க விரும்புபவர் செய்ய வேண்டியது, குலைந்துபோன பொருத்தத்தை மீட்பது. மாற்றத்தை மேலும் மேலும் இளக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு கியர்பாக்ஸுக்கே கேடு.

மாற்றம் நடக்கும் விதம்

இன்ஜினின் விசையைத் திரவத்தின் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்டர் வகைக் கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் எப்போதும் கோத்தே இருக்கும். கோள்பற்சக்கரத் தொகுதியின் எந்தப் பாகத்தை நிறுத்திப் பிடிப்பது, எதை எதோடு சேர்த்துச் சுழற்றுவது என்பதைப் பல தட்டுகள் கொண்ட கிளட்சுகளும் பிரேக்குகளும் முடிவு செய்கின்றன. இசட்எஃப் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் 8எச்பி கியர்பாக்ஸ் 2009-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரில் அறிமுகமானது. அதில் நான்கு தொகுதிகளும், பிடித்து விடும் உறுப்புகள் ஐந்தும் உண்டு. எந்தக் கியரிலும் மூன்று பிடித்திருக்கும், இரண்டு விட்டிருக்கும். அடுத்த கியருக்குப் போக ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்தால் போதும். இந்தக் கைமாற்றம் சாமி தூக்குகிறவர்கள் நடந்தபடியே தோள் மாற்றுவதைப் போன்றது. பழைய ஆள் முந்தி விலகினால் பாரம் சரியும். புதியவர் முந்தி முட்டுக்கொடுத்தால் நடையே நின்று போகும். கியர்பாக்ஸிலும் இவ்விரு பிழைகளே உண்டு. விடும் கிளட்ச் அவசரப்பட்டால் இன்ஜின் ஒரு கணம் பாரமில்லாமல் உறுமி எழும், பிறகு புதிய கிளட்ச் அதை இடித்துப் பிடிக்கும். பிடிக்கும் கிளட்ச் அவசரப்பட்டால் இரு கியர்களும் ஒரே நேரத்தில் பிடித்து வண்டியை இழுத்து நிறுத்தப் பார்க்கும்.

பாரம் தோள் மாறிய பிறகும் வேலை முடிவதில்லை. 8எச்பியில் முதல் கியரின் விகிதம் சுமார் 4.7, இரண்டாவதன் விகிதம் சுமார் 3.1. இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் சுழலும்போது கியர் மாறினால், அது ஏறத்தாழ 2000-க்கு இறங்கியாக வேண்டும். வேகமாகச் சுழன்ற பாகங்களில் தேங்கியிருந்த ஆற்றல் சக்கரங்களுக்கு உந்துதலாகப் போக வேண்டும், அல்லது கிளட்ச் தட்டுகளில் வெப்பமாகக் கழிய வேண்டும். சட்டென்று பிடித்தால் உந்துதல் உள்ளே இருப்பவரின் முதுகில் தெரியும். மெதுவாக நழுவவிட்டுப் பிடித்தால் முதுகுக்குத் தெரியாது. ஆனால் தட்டுகள் சூடேறும், ஆயில் கருகும். மென்மைக்குக் கொடுக்கும் விலை இந்த வெப்பம்தான். அதைக் குறைக்கவே இக்கால கார்களில் கியர் மாறும் கணத்தில் இக்னிஷனைப் பின்தள்ளி இன்ஜினின் டார்க்கைக் கொஞ்சம் அடக்குகிறார்கள்.

வரலாறு காட்டுவது

ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரமாட்டிக், 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது அதில் இரு தொகுதிகளும் ஒரே நேரத்தில் நிலை மாற வேண்டியிருந்ததால் இடி நன்றாகவே தெரியும். ஆனாலும் அது பலவீனமான பெட்டி இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்5 ஸ்டூவர்ட் டாங்கியையே அது ஓட்டியது. இதற்கு நேர் எதிரான வழியை 1948-ல் ப்யூக்கின் டைனஃப்ளோ எடுத்தது. ஓட்டத்தில் கியரே மாறாது, எல்லாவற்றையும் டார்க் கன்வெர்டரின் திரவம் பார்த்துக்கொள்ளும். ஜெர்க் அறவே இல்லை. கூடவே பிக்கப்பும் குறைந்தது, பெட்ரோலும் கூடுதலாகச் செலவானது. 1960-களின் நடுவில் ப்யூக் அதைக் கைவிட்டு, கியர் மாறும் பெட்டிகளுக்குத் திரும்பியது. இடையில் 1956-ல் ஹைட்ரமாட்டிக்கிலேயே சிறிய திரவக் கப்ளிங் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து இடியைத் தணித்தார்கள், பெட்டி சிக்கலாகிப்போனது. மாற்றத்தையே ஒழிப்பதும், அதை மெத்தை வைத்து மூடுவதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இவை சான்று. 1989-ல் க்ரைஸ்லர் கொண்டுவந்த ஏ604 வேறு பாதையில் போனது. ஒவ்வொரு மாற்றத்தையும் சுழற்சி சென்சார்கள் மூலம் கணினி கவனித்து, அடுத்த முறைக்கு அழுத்தத்தைத் திருத்திக்கொண்டது. இன்றைய மென்மை பெருமளவு அந்தப் பாதையில் வந்தது.

ஆயிலின் பங்கு

எந்தக் கணினியும் கிளட்சின் பிடியை நேரடியாக ஆள முடியாது. அது ஆணையிடுவது அழுத்தத்துக்கு மட்டும். அந்த அழுத்தம் எவ்வளவு பிடியாக மாறும் என்பதை ஆயில் தீர்மானிக்கிறது. ஃபோர்டு நிறுவனத்தின் பழைய டைப் எஃப் ஆயிலில் உராய்வைத் தணிக்கும் சேர்மானம் கிடையாது. அதனால் கிளட்ச் கடைசிக் கணத்தில் கவ்விப் பிடிக்கும், மாற்றம் விறைப்பாக இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1967-ல் கொண்டுவந்த டெக்ஸ்ரானில் அந்தச் சேர்மானம் உண்டு. பிடி இதமாக முடியும். அக்காலத்தில் இதற்குப் பயன்பட்டது ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்தபோது, கியர்பாக்ஸ் ஆயிலின் கலவையையே புதிதாக வகுக்க நேர்ந்தது. ஏ604-இலும் இதே பாடம் திரும்ப வந்தது. க்ரைஸ்லரின் சொந்த ஆயிலுக்குப் பதில் டெக்ஸ்ரான் ஊற்றிய வண்டிகளில் நடுக்கமும் கிளட்ச் தேய்வும் தோன்றின. பெட்டியும் மென்பொருளும் அதேதான், மாறியது ஆயில் மட்டும். “எந்த வண்டிக்கும் பொருந்தும்” என்ற லேபிளைவிட வண்டியின் கையேட்டில் உள்ள குறியீட்டுக்கே மதிப்பளிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

அளவும் அதே போல் முக்கியம். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். கூடினால் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் அமுங்கிக் கொடுப்பதால், கணினி எதிர்பார்க்கும் அழுத்தம் உரிய நேரத்தில் கிளட்சுக்குப் போய்ச் சேராது. ஆயில் சூட்டில் விரிவதால் அளவு பார்ப்பதற்கான வெப்பநிலையைத் தயாரிப்பாளர் குறித்துத் தருகிறார். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகளில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுத் திருகைக் கழற்றி, குறித்த சூட்டில் ஆயில் மெல்லிய இழையாக வழிகிறதா என்று பார்ப்பார்கள். ஆறிய நிலையில் கண்மதிப்பாக ஊற்றியதால் வந்த ஜெர்க்கை எந்த மென்பொருளும் தீர்க்காது.

எழும் மறுப்புகள்

கியர்பாக்ஸ் ஆயில் வண்டியின் ஆயுளுக்கும் போதும் என்று பல தயாரிப்பாளர்களே சொல்லும்போது மாற்றுவானேன் என்பது முதல் மறுப்பு. ‘ஆயுள்’ என்பதன் அளவு அங்கே சொல்லப்படுவதில்லை. அப்படி மூடி வரும் பெட்டிகளைச் செய்யும் இசட்எஃப்பே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. உராய்வுச் சேர்மானங்கள் சூட்டில் தீர்ந்துபோகக்கூடியவை. நெரிசலில் நின்று நின்று போகும் வண்டியிலும், பாரம் இழுத்து மலையேறும் வண்டியிலும் அவை விரைவில் தீரும். இரண்டாவது மறுப்பு இதற்கு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: பல ஆண்டுகள் மாற்றாத ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் படுத்துவிடும் என்பது மெக்கானிக்குகளிடையே நிலவும் எச்சரிக்கை. இதை வெறும் பயம் என்று தள்ள முடியாது. தட்டுகளின் உராய்வுப் பூச்சு தேய்ந்துவிட்ட பெட்டிக்குப் புது ஆயில் இழந்த பிடியைத் தராது. உள்ளே படிந்த கசடு பெயர்ந்து வால்வுகளில் சிக்கவும் கூடும். ஆனால் இதிலிருந்து தேறும் முடிவு, காலத்தில் மாற்று என்பதே. கியர் வழுக்கத் தொடங்கிய பிறகு செய்யும் ஆயில் மாற்றம் பராமரிப்பாகாது.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கனமானது: கணினி தானே கற்றுத் திருத்திக்கொள்ளும் என்றால் ஓட்டுபவரும் பணிமனையும் கவலைப்படுவானேன்? கணினி திருத்தக்கூடிய எல்லை குறுகியது. அதுவும் தனக்கு வரும் தகவலை நம்பித்தான் திருத்துகிறது. காற்றளவு சென்சார் அழுக்கேறி இன்ஜினின் டார்க்கைத் தவறாகச் சொன்னால் அழுத்தமும் தவறும். இன்ஜின் மவுன்ட் கிழிந்திருந்தால் ஒழுங்கான மாற்றம்கூட இடியாகத் தெரியும். குறை கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்க, பழி அதன்மேல் விழும். ஆயிலையோ, கிளட்சுகளுக்கு ஆயில் அழுத்தத்தை அனுப்பும் வால்வு பாடியையோ மாற்றிய பிறகு கணினியின் பழைய பாடத்தை அழித்து, இதமான ஆக்ஸிலரேட்டரில் புதிதாகக் கற்கவைப்பது பல மாடல்களில் அவசியம். ஓட்டுபவர் பங்குக்கும் இடம் உண்டு. வண்டி முழுதும் நின்ற பிறகே டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றுவதும், சரிவில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுப் பாரத்தை அதில் இறக்கிவிட்டு பி-க்குப் போவதும், ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விடாமல் சீராக வைப்பதும் கியர்பாக்ஸின் கணக்கைக் குழப்பாமல் காக்கும்.

மென்மையின் எல்லை

எல்லா இடியும் பழுதாகாது. மின்கோளாறு வந்தால் பல பெட்டிகள் ஆயில் அழுத்தத்தை உச்சத்தில் வைத்து ஒரே கியரில் ஓடும். அப்போது தெரியும் கடுமையான இடி, கிளட்சை வழுக்கவிடாமல் காக்கும் ஏற்பாடு. மாறாக, நழுவி நழுவி இதமாக மாறும் பெட்டி தட்டுகளை எரித்துக்கொண்டிருக்கலாம். வண்டியின் வகையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2014-ல் மாருதி செலெரியோவுடன் இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏஎம்டியில் (மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்சையும் கியரையும் கணினியே இயக்கும் வகை), ஒற்றைக் கிளட்ச் விட்டுப் பிடிக்கும் இடைவெளியில் உந்துதலே அறுபடுகிறது. அதில் வரும் தலையசைப்பு அமைப்போடு பிறந்தது. மாறும் கணத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே தளர்த்தினால் தணியும், அறவே போகாது. டார்க் கன்வெர்டர் காரிடம் கேட்க வேண்டிய மென்மையை அதனிடம் கேட்பது முறையாகாது. ஆகையால் ஜெர்க் இருக்கிறதா என்பதைவிட, அது மாறியிருக்கிறதா என்று பார்ப்பதே பயன்தரும் சோதனை. ஒரே சூட்டில், ஒரே அளவு ஆக்ஸிலரேட்டரில், புதிதில் இருந்த விதமாகவே இன்றும் மாறும் கியர்பாக்ஸ் கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் நலமாக இருக்கிறது. நேற்றைவிட இன்று வேறாக மாறினால், கூடுதல் இதமாகவே தெரிந்தாலும், ஆயிலைப் பரிசோதிக்க வேண்டிய வேளை வந்துவிட்டது.