சிப்பா, விளக்கா? கையடக்க விளையாட்டுக் கருவியின் மின்கணக்கும் ஓசூர்க் கடிகாரமும்

பழகிப்போன, விலை சரிந்த தொழில்நுட்பத்தைப் புதுவழியில் பயன்படுத்த வேண்டும் என்பது நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் வகுத்த கொள்கை. அவருடைய குழுவின் கேம் பாய் (1989) மலிவான, மெதுவான சிப்பால்தான் வென்றது என்று அதிலிருந்து ஒரு முடிவை வருவித்து, வாய்பாடு போல் ஒப்பிக்கிறார்கள். கொள்கையோடு எனக்குப் பிணக்கில்லை. அதைச் சிப்பின் தலையில் கட்டுவதோடுதான் பிணக்கு.

1990இல் எதிர்த்து வந்த சேகா கேம் கியரின் மூளை 3.58 மெகாஹெர்ட்ஸ் இசட்80. கேம் பாயின் ஷார்ப் சிப் 4.19 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் 8 பிட். கேம் கியருடையதும் பழைய சரக்குதான். ஆனால் கேம் பாய் 4 ஏஏ பேட்டரியில் சுமார் 15 மணி நேரம் ஓடியது; அதற்கு மேலும் சொல்வார் உண்டு. கேம் கியரோ 6 பேட்டரியை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். அமெரிக்காவில் முன்னது சுமார் 90 டாலர், பின்னது சுமார் 150. முன்னதில் வெளி வெளிச்சத்தை நம்பிய ஒற்றை நிறத் திரை. பின்னதில் வண்ணத் திரை, அதன் பின்னே ஃபுளோரசன்ட் குழல்.

மின்சாரத்தைத் தின்றது வண்ணமா, விளக்கா? அதைப் பிரித்துக் காட்டுவது, ஜப்பானில் மட்டும் 1998 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த கேம் பாய் லைட். இது ஒற்றை நிறத் திரைக்குப் பின்விளக்கு சேர்த்த வடிவம். விளக்கை அணைக்கவும் முடியும். அணைத்தால் 2 ஏஏ பேட்டரியில் சுமார் 20 மணி, எரியவிட்டால் சுமார் 12. சிப், திரை, பேட்டரி எதுவும் மாறவில்லை. எட்டு மணி நேரத்தை விழுங்கியது விளக்கு மட்டுமே. இவை தோராயக் கணக்குகள். 1998இன் விளக்கைக் கொண்டு 1990இன் குழலை அளந்துவிடவும் முடியாது. ஆனாலும் 1998இலேயே வந்த கேம் பாய் கலர், சிப்பின் வேகத்தை இரட்டிப்பாக்கும் வசதியோடும் வண்ணத் திரையோடும், பின்விளக்கில்லாமல், 2 ஏஏ பேட்டரியில் பத்து மணி நேரம் தாங்கியது. சிப் நுட்பம் ஒன்பது ஆண்டில் சுருங்கியதற்கும் இதில் பங்குண்டு. எவ்வளவு என்று பிரிக்க இச்சான்று போதாது.

இதே கணக்கு ஓசூரில் வேறு உருவில் நடந்தது. தொடர்பு வலிந்ததல்ல: நிண்டெண்டோவின் முதல் கையடக்க வரிசையான கேம் அண்ட் வாட்ச் (1980) நேரமும் காட்டியது, பொத்தான் பேட்டரியில் ஓடியது. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையில் குவார்ட்ஸ் கடிகாரத்தைக் கையில் எடுத்தது. நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தின் துடிப்பைச் சிப் பதினைந்து முறை பாதியாக்கி நொடிக்கு ஒன்றாக்குகிறது. இதற்கு ஆகும் செலவு அற்பம். பேட்டரியின் பெரும்பகுதி முள்ளைத் தள்ளும் மோட்டாரின் செப்புச் சுருளுக்கே போகிறது.

2002இல் வந்த டைட்டன் எட்ஜின் இயக்கப் பொறி 1.15 மில்லிமீட்டர், முழுக் கடிகாரம் 3.5 மில்லிமீட்டர். அதில் நொடிமுள் இல்லை. மெலிவுக்காக விட்டார்கள் என்பதே வழக்கமான விளக்கம். அது தவறென்று சொல்ல மாட்டேன்; அரைகுறை என்பேன். மெலிந்த பொறிக்கு மெலிந்த பேட்டரி. மெலிந்த பேட்டரியில் மின்சாரமும் சொற்பம். நொடிமுள் இல்லையென்றால் சுருளுக்கு நொடிதோறும் துடிப்பு அனுப்ப வேண்டியதில்லை. கேம் பாயில் விளக்கை விட்டதும் எட்ஜில் நொடிமுள்ளை விட்டதும் ஒரே கணக்குதான் என்பது என் வாதம். வடிவமைத்தவர்கள் அப்படிக் கணக்குப் போட்டே விட்டார்களா என்பது வேறு கேள்வி.